இரும்புச் சட்டையும் அதன் இடைவெளிகளும்

கருணனுடைய கவசம் அவன் உடம்போடு பிறந்தது என்று பாரதம் கூறும். குழந்தை வளர வளர அக்கவசமும் உடன் வளர்ந்திருத்தல் வேண்டும். அதற்கு அளவெடுத்த கொல்லன் எவனும் இல்லை. ஏனைய வீரர்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. தோள் எவ்வளவு, இடை எவ்வளவு, முழங்கை மடங்கும் இடம் எது என்று கொல்லனுக்கு அளந்து காட்ட வேண்டியவர்களாகவே அவர்கள் இருந்தனர். கந்தர் சட்டி கவசம் ஓதுவோர் ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிக் காப்பு வேண்டுவதுபோல, 14ஆம் 15ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கவசத் தொழிலாளரும் மனித உடம்பை உறுப்பு உறுப்பாக இரும்பினால் மூடத் தலைப்பட்டனர்.

அக்கவசங்களை அன்றிருந்தவாறே மீண்டும் செய்து, அணிந்து, களத்தில் இறங்கி மோதிப் பார்ப்போர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று பலர் உளர். இதனை வளர்ந்தவர்கள் போடும் வேடம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், நூல்களும் திரைப்படங்களும் நெடுங்காலம் பரப்பிவந்த சில பிழைகளைத் திருத்தியதில் இவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

அப்பிழைகளுள் தலையாயது பாரத்தைப் பற்றியது. 1944ஆம் ஆண்டில் லோரன்ஸ் ஒலிவியே இயக்கி நடித்த 'ஐந்தாம் ஹென்றி' என்னும் திரைப்படத்தில், கவசம் பூண்ட பிரெஞ்சு வீரன் ஒருவனைக் கப்பி கொண்டு தூக்கிக் குதிரையின்மேல் இறக்கும் காட்சி வருகின்றது. அதனைக் கண்டவர்கள், கீழே விழுந்த வீரன் ஆமைபோல் புரண்டு கிடப்பான், பிறர் தூக்கிவிட்டாலன்றி எழமாட்டான் என்று நம்பினர். உண்மை வேறு. போர்க்களத்துக்கெனச் செய்த முழுக் கவசத்தின் நிறை பெரும்பாலும் 20 முதல் 25 கிலோகிராம் வரை, அதாவது சுமார் 45 முதல் 55 இறாத்தல் வரையே இருக்கும். அப்பாரமும் ஒரே தோளில் தொங்குவதன்று. உடம்பெங்கும் பரந்து நிற்பது. 1366 முதல் 1421 வரை வாழ்ந்த பிரெஞ்சுத் தளபதி பூசிக்கோவின் வரலாற்றை எழுதியவர், அவன் தலைச்சீரா ஒன்று நீங்கலாக முழுக் கவசமும் பூண்டு குட்டிக்கரணம் போட்டதாகவும், உருக்குச் சட்டையுடன் ஏணியின் அடிப்புறத்தைப் பற்றிக் கைகளாலேயே தாவி ஏறியதாகவும் குறிப்பிடுகிறார். புகழ்ச்சி சற்று மிகுந்திருக்கலாம். ஆயினும், சரியான பிரதிக் கவசம் அணிந்தோர் ஓடவும், குதிரையேறவும், தரையிற் படுத்து எழவும் இன்று நம் கண்முன்னே காட்டுகின்றனர்.

இதனால் கவசம் சுமையே அன்று என்று கொள்வதும் தவறாகும். 2011இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 15ஆம் நூற்றாண்டுக் கவசங்களின் பிரதிகளை அணிந்த மனிதர்களை ஓடும் பட்டையின்மேல் நடக்கவிட்டு, அவர்களது மூச்சை அளந்து பார்த்தனர். கவசமின்றி நடப்பதற்குச் செலவாகும் சக்தியைப்போல் இருமடங்குக்குச் சற்று மேலாகவே செலவாயிற்று. அதே பாரத்தை முதுகில் மூட்டையாகச் சுமந்திருந்தால் இவ்வளவு களைப்பு உண்டாகாது. காரணம் யாதெனின், காலிற் கட்டிய ஏழெட்டுக் கிலோ இரும்பை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வீச வேண்டியிருக்கிறது. மார்புத் தகடு நெஞ்சை இறுக்குவதால் ஆழ்ந்து மூச்சிழுக்கவும் இயலாமல், குறுகக் குறுக மூச்சுவிட வேண்டியும் இருக்கிறது. கவசம் அணிந்தவன் விரைவாக ஓட வல்லவன். ஆனால் நெடுநேரம் ஓட வல்லவன் அல்லன்.

இனி, கவசம் செய்யும் முறையைக் காண்போம். புதிதாக இத்துறைக்கு வருவோன் முதலில் இரும்பைத் தேடி ஓடுவான். அனுபவம் உடையவரோ துணியிலிருந்துதான் தொடங்குவர். இரும்புத் தகடு வாளின் கூர்மையைத் தடுக்குமேயன்றி, அடியின் அதிர்ச்சியைத் தானே தாங்காது. அதனைத் தாங்குவது உள்ளே அணியும் தடித்த மெத்தைச் சட்டையாகும். பல மடிப்புத் துணியை அடுக்கியோ, இடையே பஞ்சையும் கம்பளி மயிரையும் பொதித்தோ, நெருக்கமாகக் கோடு கோடாகத் தைப்பர். 15ஆம் நூற்றாண்டில் பிரான்சை ஆண்ட பதினோராம் லூயி மன்னனின் கட்டளை ஒன்று, போர்வீரரின் துணிச்சட்டைக்கு 30 அல்லது குறைந்தது 25 மடிப்புத் துணியும், மேலே ஒரு கலைமான் தோலும் வேண்டும் என்கிறது. எளிய வீரர் பலருக்கு இத்துணிச்சட்டையே முழுக் கவசமாகவும் இருந்தது. தகட்டுக் கவசம் அணிவோருக்கு இன்னொரு வகையிலும் அது இன்றியமையாதது: காற்கவசமும் கைக்கவசமும் இச்சட்டையில் தைத்த கயிறுகளிலேயே முடிச்சிட்டுத் தொங்கவிடப்படும். சட்டை தளர்ந்திருந்தால் காற்கவசம் நழுவி முழங்காலை அழுத்தும். எனவே, உள்ளே மெத்தைச் சட்டையை அணிவித்து, அதன்மேல்தான் உலோகத்துக்கு அளவெடுத்தல் வேண்டும்.

இரும்பு வளையச் சட்டை அதனினும் பழையது. வளையம் ஒவ்வொன்றும் நான்கு வளையங்களுட் புகுந்து நிற்கும். ஒரு சட்டைக்கு இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட வளையங்கள் வேண்டியிருக்கும். பழங்காலத்தார் ஒவ்வொரு வளையத்தின் இரு முனைகளையும் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் துளையிட்டு, சின்னஞ்சிறு தறையாணியால் இணைத்தனர். இன்று மலிவாகச் செய்வோர் கம்பியை வளைத்து முனைகளை வெறுமனே ஒட்டவைத்து விடுகின்றனர். அச்சட்டை தூரத்தே நின்று பார்க்க ஒன்றுபோல் தோன்றும், வலிய அடி பட்டாலோ பிரிந்து உதிரும். தறையாணி வைத்த வளையச் சட்டைகள் பல இந்தியப் பட்டறைகளிலிருந்து மேல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன.

தகட்டு வேலையிற் கடினமானது தலைச்சீரா. கன்னார் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டிக் குடமாக்கும் தொழிலைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்கல் எளிது. தட்டையான உருக்குத் தகட்டை முதலில் மரக்குற்றியிற் குடைந்த குழியின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்துக் குழிவாக்குவர். பின்னர், உருண்டைத் தலையுடைய பட்டடையின்மேல் கவிழ்த்து, வெளிப்புறமாக வட்டம் வட்டமாக அடித்து உயர்த்துவர். அடிக்க அடிக்க உலோகம் விறைப்பேறும். விறைத்ததை உலையிலிட்டுப் பதப்படுத்தாவிடில் வெடிப்புக் காணும். ஈற்றில் மெல்லிய அடிகளால் மேடுபள்ளத்தைச் சமன்செய்து, அரத்தினால் அராவி மெருகிடுவர்.

இங்கேதான் இக்காலத்தான் தன்னையறியாமற் பிழை செய்கிறான். ஆலையில் உருட்டிய தகடு எங்கணும் ஒரே தடிப்பானது. பழைய கொல்லர் செய்தது அவ்வாறன்று. தலைச்சீராவின் முன்புறமும் உச்சியும் தடித்தும், பக்கங்கள் மெலிந்தும் இருக்கும். மார்புத் தகட்டின் நடுப்பகுதி தடித்தும், கைக்குள் மறையும் ஓரம் மெலிந்தும் இருக்கும். அடி விழும் இடத்தில் இரும்பு. விழாத இடத்தில் சிக்கனம். ஒரே தடிப்பிற் செய்த பிரதி, மூலத்தைவிடப் பாரமாகவும், வேண்டிய இடத்தில் வலிமை குன்றியதாகவும் அமைந்துவிடுகிறது. மார்புத் தகட்டை இடுப்பெலும்புவரை நீளமாக வெட்டிவிடுவது இன்னொரு பிழை. பழைய மார்புத் தகடு விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய இடத்திலேயே முடியும். அதன் கீழ் வளைந்து கொடுக்கும் பட்டைத் தகடுகள் தொங்கும். நீண்ட தகட்டை அணிந்தவன் குனிந்தால், கீழோரம் தொடையில் தட்டி, மேலோரம் தொண்டையில் இடிக்கும். கவசம் அணிந்தோர் அசையமாட்டார் என்னும் கதைக்கு, அளவு தவறிய இத்தகைய பிரதிகளும் ஒரு காரணமாயிருக்கலாம்.

அசைவு வேண்டுமாயின் இடைவெளி வேண்டும். கை மடங்கும் உட்புறம், அக்குள், முழங்காலின் பின்புறம், கண்களுக்கு முன்னுள்ள பிளவு ஆகிய இடங்களைத் தகட்டினால் முற்றாக அடைத்துவிட்டால், உள்ளே இருப்பவன் சிலையாகிவிடுவான். ஆதலின், கவசம் பூண்டவரோடு பொருதும் வித்தை முழுவதும் இவ்விடைவெளிகளை நாடுவதாகவே வளர்ந்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியரான ஃபியோரே எழுதிய போர்க்கலை ஏட்டின் படங்களில், வீரர் வாளின் நடுப்பகுதியை ஒரு கையாற் பற்றிக் குத்தூசிபோல் நுனியைச் செலுத்துவதைக் காணலாம். தகட்டை வெட்ட முயல்வோர் அங்கே இல்லை. மற்போர்போல் கட்டிப் புரண்டு, கீழே வீழ்த்தி, பிளவைத் தேடுகின்றனர்.

இதன் கொடுமையை எலும்புகள் கூறுகின்றன. சுவீடனுக்கு உரிய கொத்லாந்துத் தீவிலுள்ள விஸ்பி நகரின் வெளியே, 1361ஆம் ஆண்டு யூலை 27ஆம் நாள், டென்மார்க்கு மன்னன் வல்டெமாரின் படைக்கும் தீவின் குடியானவர்களுக்கும் போர் நடந்தது. நகரத்தார் மதிலுக்குள் இருந்துகொண்டனர். குடியானவர்கள் மதிலுக்கு வெளியே மடிந்தனர். மடிந்தவர்களுள் இளஞ்சிறுவரும் முதியோரும் இருந்தனர். கோடை வெப்பத்தில் பிணங்கள் விரைந்து அழுகியமையால், பலரைக் கவசத்தோடேயே பெருங்குழிகளில் இட்டனர் என்று கருதுவர். 1905 முதல் 1930 வரை இடையிடையே நடந்த அகழ்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகளும், வளையத் தலைமூடியோடு கூடிய மண்டையோடுகளும், இருபதுக்கும் மேற்பட்ட தகட்டுச் சட்டைகளும் வெளிப்பட்டன. இவற்றைத் தோர்டெமான் என்னும் சுவீடிய அறிஞர் ஆராய்ந்து பெருநூலாக்கினார். தோலும் துணியும் மண்ணாகிப்போயினும், உள்ளே அறைந்திருந்த தகடுகளும் தறையாணிகளும் இருந்த இடம் மாறாமற் கிடந்தமையால், சட்டையின் அமைப்பை மீண்டும் வரைய முடிந்தது. உலகின் பல பாகங்களிலும் இன்று செய்யப்படும் 14ஆம் நூற்றாண்டுத் தகட்டுச் சட்டைகளுக்கு அவ்வரைபடங்களே ஆதாரம். அவ்வெலும்புகளிற் காணும் வெட்டுக்களிற் பெரும்பாலானவை முழங்காலின் கீழே உள்ளன. உடம்பைக் காத்த சட்டை காலைக் காக்கவில்லை. அரசனாயினும் இது பொருந்தும்: 1485இல் பொஸ்வேர்த்துக் களத்தில் இறந்த மூன்றாம் ரிச்சார்டின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்ரர் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதிற் கண்ட 11 காயங்களுள் 9 மண்டையில் இருந்தன. எனவே இறுதி வேளையில் அவன் தலையிற் சீரா இருக்கவில்லை என்று ஆய்வாளர் முடிவு செய்தனர்.

இடைவெளியே இல்லாத கவசமும் ஒருகாற் செய்யப்பட்டது. அது போருக்கன்று, விளையாட்டுக்கு. எட்டாம் ஹென்றி மன்னன் 1520இல் பிரெஞ்சு மன்னனைச் சந்திக்கச் சென்றபோது, நிலத்தில் நின்று பொருதும் போட்டிக்கென கிரீனிச்சிலுள்ள அவனது பட்டறையில் ஆக்கப்பட்டது அது. இருநூறுக்கும் மேற்பட்ட துண்டுகள் ஒன்றோடொன்று வழுக்கி, அக்குளையும் முழங்காற் பின்புறத்தையும் முற்றாக மூடின. நிறை 42 கிலோவுக்கும் சற்று மேல். போட்டி விதிகள் இடையில் மாறியமையால் அது முடிக்கப்படாமலே நின்றுவிட்டது. நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், விண்வெளி உடை வடிவமைக்கும் அமெரிக்கர் அதன் மூட்டுக்களை ஆராய்ந்தனர் என்பர்.

இக்காலப் போட்டியாளரின் இக்கட்டு இதிலேதான் இருக்கிறது. அவர்கள் செய்வது போர்க்களத்துக் கவசம், ஆடுவதோ போட்டி. கவசத்தை எவ்வளவு மெய்யாகச் செய்தாலும் போரை மெய்யாகச் செய்ய இயலாது. இடைவெளியைத் தேடிக் குத்துவதே மெய்யான போர். ஆகவே ஒவ்வொரு கழகமும் ஒவ்வோர் இடத்தில் பொய்யை ஏற்றுக்கொள்கிறது. 1966இல் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் தொடங்கிய அமெரிக்கச் சங்கத்தார் வாளைப் பொய்யாக்கினர். அவர்கள் பிரம்பினாற் செய்த வாளையே ஏந்துவர். அடி பட்டதா இல்லையா என்று சொல்லும் பொறுப்பையும் அடிபட்டவனிடமே விட்டனர். 2010இல் உக்ரேனின் கொத்தின் கோட்டையில் முதன்முறை நடந்த 'நாடுகளின் போர்' என்னும் போட்டியினர் உருக்காயுதங்களையே ஏந்துவர். கூர் மழுக்கிய வாளும் கோடரியும் முழு வலிமையோடு வீழும். ஆனால் குத்துதல் அறவே கூடாது. பிடரி, முழங்காலின் பின்புறம், பாதம் முதலியவற்றில் அடித்தலும் கூடாது. இரு பாதங்களையன்றி வேறோர் உறுப்பு நிலத்திற் பட்டால் அவன் ஆட்டத்திலிருந்து நீங்குவான். விஸ்பிக் குடியானவர்களைக் கொன்ற அடிகளே இங்கு விலக்கப்பட்டவை என்பதைக் கருதுதல் தகும்.

சிலர் பொய்யை இன்னும் ஆழமாக மறைக்கின்றனர். துணியின் உள்ளே பிளாஸ்டிக் தகடு வைத்துத் தைப்போரும் உளர். உருக்கினும் மிக இலேசான தைத்தேனியத்தை மெருகிட்டு உருக்குப்போலக் காட்டுவோரும் உளர். எலும்பைக் காக்கும் பிளாஸ்டிக்கைக் குறைகூற மனம் வராது. தைத்தேனியத்தின் நிலை வேறு. பாரத்தைக் களைந்தவன், பழைய வீரனின் களைப்பையும் களைந்துவிடுகிறான். அக்களைப்பை அறிவதற்கன்றோ இவ்வளவு பாடும்?

விஸ்பி மதிலுக்கு வெளியே, அப்பெருங்குழிகள் இருந்த இடத்தில், ஒரு கற்சிலுவை நிற்கிறது. 1984 முதல் ஆண்டுதோறும் ஓகத்து மாதத்தில் அந்நகரில் இடைக்கால வாரம் கொண்டாடப்படுகிறது. அக்குழிகளிலிருந்து எடுத்த கவசத்தின் பிரதியை அணிய விரும்புவோன், நடுவிற் கழுத்துக்குத் துளைவிட்ட சட்டையைத் தலைவழியே போட்டுக்கொண்டு, பக்கங்களை முதுகுப்புறம் சுற்றி விடுவான். அங்கே உள்ள வார்களைப் பூட்ட அவனுக்குத் தன் கை எட்டாது. தோழன் ஒருவன் பின்னின்று பூட்டுவான். பின்னர், மூலச் சட்டைக்கு உரியவன் அணிந்திராத இரும்புக் காற்காப்புகளை எடுத்து, முழங்காலின் கீழ் இறுகக் கட்டிக்கொண்டே அவன் மோதலுக்குப் புறப்படுவான்.