ஒருமுறை வந்தால் மறுமுறை வராதா?

சின்னமுத்து ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது என்று எமது பெரியவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. பரோ தீவுகளில் 1781இல் சின்னமுத்து பரவியது. 65 ஆண்டுகளின் பின், 1846இல், அது மீண்டும் வந்தபோது, முன்பு நோய் கண்டிருந்த முதியவர்களில் ஒருவரையேனும் தொற்றவில்லை என டென்மார்க் வைத்தியர் பனும் எழுதிவைத்தார்.

கொரோனாவுக்கும் இக்கணக்குப் பொருந்துமா? ஊரிலிருந்து வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ முதியோர் இல்லமொன்றில் தங்கியிருக்கும் தாய் தந்தையரை நினைப்போருக்கு இது வெறும் விஞ்ஞானக் கேள்வி அல்ல.

2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை ஊரடங்கில் முடங்கியிருந்த வேளையில், இங்கிலாந்தின் 100 முதியோர் இல்லங்களில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அங்கே 682 முதியவர்களும் 1,429 பணியாளர்களும் இரத்தப் பரிசோதனைக்கு உட்பட்டிருந்தனர். ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. அடுத்த நான்கு மாதங்களில், அவ்வாறு தொற்றியிருந்த முதியவர்களுக்கு மீண்டும் தொற்றும் ஆபத்து, முன்பு தொற்றாதவர்களைவிட 85 வீதம் குறைவாக இருந்தது. பணியாளர்களிடையே இது 60 வீதம். முதுமையிலும் உடல் தன் எதிரியை நினைவில் வைத்திருக்கிறது என்பது ஆறுதலான செய்தியே.

ஆயினும் இரண்டு விடயங்களை நாம் மறக்கலாகாது. முதலாவது, இக்கணக்கில் வருவோர் நோயிலிருந்து தப்பியவர்கள் மட்டுமே. அதே இல்லங்களில் முதல் அலையிலேயே இறந்தோர் எண்ணப்படவில்லை. எனவே, "வந்து போகட்டும்" என்று முதியவர்களை நோய்க்கு விட்டுவிடுவது பாதுகாப்பு ஆகாது. இரண்டாவது, சின்னமுத்துக் கிருமியைப்போல் கொரோனா ஒரே முகத்துடன் நிற்பதில்லை. 2021 இறுதியில் ஒமிக்ரோன் வந்தபின், முன்பு நோய் கண்டவர்களும் மீண்டும் தொற்றுக்கு உள்ளாகினர். கடும் நோயிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பே கூடுதலான காலம் நிலைத்தது. தடுப்பூசி அப்பாதுகாப்பை, நோயின் விலையைக் கொடுக்காமலே தருகிறது.

இல்லத்தினுள் இருக்கும் முதியவர் வெளியே போவதில்லை. கிருமி பேருந்தில் வந்திறங்கும் பணியாளருடனோ, பார்க்க வரும் எம்முடனோதான் உள்ளே நுழைகிறது. நாட்சம்பளம் போய்விடும் என்ற பயத்தில் இருமலை மறைத்து வேலைக்கு வரும் பணிப்பெண்ணைக் குறைகூறிப் பயனில்லை. சுகயீனமுற்ற நாளிலும் அவளுக்குச் சம்பளம் உண்டா? அடுத்தமுறை பெற்றோரைப் பார்க்கச் செல்லும்போது, உணவையும் மருந்தையும் விசாரிப்பதோடு இதையும் விசாரிப்போம். எமக்கே தடிமன் என்றால், அன்று போகாமலே இருப்போம்.