சில நேரம் ஏறும், சில நேரம் ஏறாது! செல்போன் சார்ஜ் சிக்கலுக்கு வீட்டிலேயே சோதனை

ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் போன் 12 சதவிகிதத்திலேயே நிற்கிறது. மறுநாள் அதே வயர், அதே பிளக்கில் ஒழுங்காக ஏறிவிடுகிறது. மூன்றாம் நாள் மறுபடியும் தகராறு. டவுனுக்கு எடுத்துப்போனால், கடையில் செருகிய உடனே சார்ஜ் ஏறித் தொலைக்கிறது. ‘எதற்கும் பேட்டரியை மாற்றிவிடலாம்’ என்று கடைக்காரர் சொல்ல, பணத்தைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தால், ஒரே வாரத்தில் பழைய கதை.

போன் அணைந்து கிடந்தால் பேச்சு மட்டும் நின்றுபோவதில்லை. பி.எம்.கிசான் கே.ஒய்.சி. பதிவுக்கு வரும் ஓ.டி.பி., நெல் கொள்முதல் நிலைய முன்பதிவு, பால் பணம் வங்கியில் ஏறிய குறுஞ்செய்தி, வீட்டிலிருந்தே கிணற்று மோட்டாரைப் போடும் செல்போன் ஸ்டார்ட்டர் என்று எல்லாம் அந்த ஒரு போனில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அறுவடை நாளில் அது கைவிட்டால் நஷ்டம் ரூபாய்க் கணக்கில்தான் வரும்.

மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால், எடுத்த எடுப்பில் யாரும் போர்வெல்லிலிருந்து மோட்டாரைத் தூக்குவதில்லை. ஃபியூஸ் போயிருக்கிறதா, மூன்று பேஸும் வருகிறதா, ஸ்டார்ட்டர் ஒட்டுகிறதா என்று மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் கப்பிக்கு ஆள் சொல்வார்கள். செல்போனுக்கும் அதே வரிசைதான். சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட், சார்ஜர், வயர், போனின் சார்ஜ் துளை, அதற்கும் பிறகுதான் பேட்டரி. கடைசியில் வரவேண்டிய பேட்டரியை முதலில் மாற்றுவதால்தான் காசு வீணாகிறது.

‘எப்போது’ என்பதுதான் துப்பு

சார்ஜ் ஒரேயடியாக ஏறாத போனைவிட, சில நேரம் மட்டும் ஏறாத போனில் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு வாரம் கவனித்தால் போதும். குறிப்பிட்ட ஒரு பிளக் பாயின்ட்டில் மட்டும் ஏறவில்லையா? வயரை ஒரு பக்கமாக வளைத்து வைத்தால்தான் ஏறுகிறதா? உச்சி வெயிலில் மட்டும் நின்றுபோகிறதா? மழையில் நனைந்து வந்த நாளிலா? இதற்கான பதிலே பாதிக் கோளாறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும். வயரையும் சார்ஜரையும் சேர்த்து மாற்றினால், எது கெட்டது என்று கடைசிவரை தெரியாது. பக்கத்து வீட்டில் நன்றாக வேலை செய்யும் வயரை வாங்கி, உங்கள் சார்ஜரிலேயே போட்டுப் பாருங்கள். ஏறினால் பழைய வயர்தான் குற்றவாளி. ஏறாவிட்டால், பிறகு சார்ஜரை மாற்றிப் பாருங்கள். உங்கள் வயரும் சார்ஜரும் வேறொரு போனுக்கு நன்றாக ஏற்றினால், கோளாறு உங்கள் போனுக்குள்தான்.

பிளக் பாயின்ட்டில் பிடிப்புத் தளர்ந்து, சார்ஜர் லொடலொடவென்று ஆடினால் அதில் போடக் கூடாது. உள்ளே தீப்பொறி பறந்து, துளை ஓரம் கறுத்திருக்கும். மோட்டார் கொட்டகையில் தொங்கும் ஜங்ஷன் பாக்ஸ்களில் இது சகஜம்.

லோ வோல்டேஜ் மீதும் பலருக்குச் சந்தேகம் உண்டு. பெரும்பாலான செல்போன் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும்படிதான் செய்யப்படுகின்றன. டியூப் லைட் கண்சிமிட்டும் நேரத்திலும் இவை வேலை செய்யும். இதற்காக ஸ்டெபிலைசர் வாங்கத் தேவையில்லை. இடி மின்னல் நேரத்தில் மட்டும் மறக்காமல் கழற்றிவிடுங்கள்.

சார்ஜரில் இருக்கும் பொடி எழுத்து

ஏறுவதாகப் படம் காட்டுகிறது, ஆனால் சதவிகிதம் மட்டும் நகர மாட்டேன் என்கிறதா? சார்ஜரின் அடியில் ஆங்கிலத்தில் ‘அவுட்புட்’ என்று அச்சிட்ட வரியைப் படியுங்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் 10 வாட். பழைய பட்டன் போன் சார்ஜர் பலவற்றில் அரை ஆம்பியர்தான் இருக்கும். அதாவது 2.5 வாட்.

இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் சாதாரணமாக இருக்கும் 5,000 எம்.ஏ.ஹெச். பேட்டரியில் அடங்குவது சுமார் 19 வாட் ஹவர். 10 வாட் சார்ஜரில் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும் அளவுதான் இது. பட்டன் போன் சார்ஜரில் 8 மணி நேரம் தாண்டியும் நிரம்பாது. இடையில் பிள்ளைகள் வீடியோ பார்த்தால், அதற்கே 2, 3 வாட் போய்விடும். ஒரு பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வர, மறுபக்கம் மடை திறந்து கிடக்கும் கதைதான். சோலார் லாந்தர், டூவீலர், டிராக்டரில் இருக்கும் யு.எஸ்.பி. துளைகளிலும் இதே நிலைமை. மேகம் மறைத்தால் சோலாரில் அதுவும் குறையும்.

சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் திரை தானாகத் துள்ளினாலோ, தொட்ட இடம் விட்டு வேறு இடம் திறந்தாலோ, சார்ஜர் தரமில்லாதது என்று சந்தேகப்படலாம். புதிதாக வாங்கும்போது பி.ஐ.எஸ். முத்திரையும், அதோடு ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால், அது உண்மையான பதிவா என்று தெரிந்துவிடும். சந்தையில் கூவி விற்கும் சார்ஜர்கள் சிலவற்றில் முத்திரை இருந்தாலும், எண் இல்லாமல் இருக்கலாம்.

துளைக்குள் ஒரு களம்

கிராமத்து போன்களில் பெரிய தொந்தரவு இங்கேதான். சட்டைப் பையில், வேட்டி மடியில், இடுப்புச் செருகலில் இருக்கும் போனின் அடிப்பக்கத் துளைக்குள் துணிப் பிசிறு நுழைகிறது. நெல் தூற்றும்போது தூசி, பருத்தி எடுக்கும்போது பஞ்சு, மல்லாட்டை அடிக்கும்போது மண் எல்லாம் அதன் மேல் சேர்கின்றன. ஒவ்வொரு முறை பின்னைச் செருகும்போதும் அந்தக் குப்பை உள்ளே இடிபட்டு, அடியில் கெட்டித் திப்பியாக உட்கார்ந்துவிடுகிறது. கடைசியில் பின் முழுதாக உள்ளே போகாமல் அரைகுறையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். லேசாக ஆடினாலும் சார்ஜ் நின்றுவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. நல்ல வயரை வேறொரு போனில் செருகிப் பாருங்கள். ‘டக்’கென்று உட்கார்ந்து, பின்னின் உலோகம் முழுதும் மறைந்துவிடும். உங்கள் போனில் அந்த உலோகம் கொஞ்சம் வெளியே தெரிந்தாலோ, லேசாக இழுத்ததும் கழன்று வந்தாலோ, உள்ளே குப்பை அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

போனை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் மரத்தாலான பல்குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுக்கலாம். டைப்-சி துளையின் நடுவே நாக்கு போல ஒன்று இருக்கும். இணைப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதை நெம்பிவிடாமல், சுற்றுச் சுவரையும் அடியையும் மட்டும் சுரண்ட வேண்டும். ஊக்கு, குண்டூசி வேண்டவே வேண்டாம். ஒரு உரசலில் ஷார்ட் ஆகிவிடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்றில் நீர்த்துளி கலந்து வரும். இரண்டையும் தவிர்க்கவும். சுத்தம் செய்த பின் பல போன்கள் புதிதுபோல ஏறத் தொடங்கிவிடும்.

உரம் போடும் நாளில் போனைப் பையில் வைத்துக்கொள்வதும் ஒரு காரணம். பொட்டாஷ் என்பது உப்பு. யூரியா காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். இந்தத் தூள் வியர்வையோடு சேர்ந்து துளைக்குள் போனால், உள்ளிருக்கும் தகடுகள் அரித்துப் பச்சை பூக்கும். அந்தப் பச்சை தெரிந்தால் கை வைக்காமல் கடையில் கொடுத்துவிடுவது நல்லது. மண்ணெண்ணெய், பெட்ரோல் தொட்டுத் துடைக்கும் வைத்தியம் ஆபத்தில்தான் முடியும்.

ஈரமும் வெயிலும்

நனைந்த போனில் திரையில் தண்ணீர்த் துளிப் படம் வந்து, சார்ஜ் ஏற மறுத்தால் அது பழுதல்ல. ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து கெட்டுவிடாமல் இருக்க, போனே கதவைச் சாத்திக்கொள்கிறது. துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் தட்டி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஆகலாம். அரிசி மூட்டைக்குள் புதைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். அரிசியின் தவிட்டுத் தூள்தான் துளைக்குள் போகும்.

லித்தியம் பேட்டரிகளைச் சுமார் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. அதனால்தான் கத்திரி வெயிலில் தகரக் கொட்டகையிலும், டிராக்டர் முகப்பிலும் சூடேறிய போன் சார்ஜை நிறுத்திக்கொள்கிறது. உறையைக் கழற்றி நிழலில் வைத்தால், ஆறிய பின் தானாக ஏறும். சீக்கிரம் ஆறட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

80 சதவிகிதத்தில் நின்றுவிடுகிறது என்பது இன்னொரு புகார். புதிய போன்கள் பலவற்றில் பேட்டரி ஆயுளைக் காக்க அப்படி ஓர் அமைப்பே இருக்கிறது. செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் அதை நிறுத்திக்கொள்ளலாம். பல நாள் அணைந்து கிடந்த போன் செருகியவுடன் உயிர் வராமல் இருந்தால், அரை மணி நேரமாவது விட்டுவைத்துப் பாருங்கள்.

பேட்டரிதான் என்று எப்போது சொல்லலாம்?

பேட்டரி கெட்டால் அடையாளமே வேறு. சார்ஜ் ஏறத்தான் செய்யும். மடமடவென்று 100 ஆகி, அதே வேகத்தில் இறங்கும். 30 சதவிகிதம் காட்டும்போதே பொட்டென்று அணையும். செருகினால் மறுபடி 28 காட்டும். இரண்டு மூன்று வருடம் உழைத்த போனில் இப்படி இருந்தால் பேட்டரி மாற்றுவது நியாயமான செலவு.

பின்மூடி புடைத்தாலோ, திரை ஓரம் தூக்கிக்கொண்டாலோ, சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். உப்பிய பேட்டரியை அழுத்துவதோ, ஊசியால் குத்துவதோ தீயில் கொண்டுபோய் விடும். மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, வைக்கோல், கூரை, குழந்தைகள் பக்கம் போகாமல் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பழைய பேட்டரியைக் குப்பைமேட்டில் எறிந்தால் குப்பையோடு சேர்ந்து அதுவும் எரியும். 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களிடம் ஒப்படைத்திருக்கின்றன.

கடைக்குப் போகும்போது ‘சார்ஜ் ஏறல’ என்று மட்டும் சொல்லாமல், எப்போது ஏறவில்லை, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பல போன்களில் சார்ஜ் துளை தனிச் சிறு பலகையில் இருக்கும். அதை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மாற்றிய பழைய உதிரியை உங்கள் கண்முன் காட்டச் சொல்லலாம். வாரன்டி காலம் முடியாத போனை வெளிக்கடையில் திறக்கவிட வேண்டாம்.

போனை விட்டுவிட்டு வருவதானால் மெமரி கார்டையும் சிம் கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும் பின் நம்பரை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. சிம்மை வீட்டிலிருக்கும் பட்டன் போனில் போட்டுவைத்தால், குறுஞ்செய்தியாக வரும் ஓ.டி.பி.யும் வங்கிச் செய்தியும் அதிலேயே வந்துவிடும். பிறகு சிம்மைத் திரும்பப் போடும்போது, பணம் அனுப்பும் செயலி உங்கள் எண்ணை மறுபடி சரிபார்க்கச் சொல்லலாம். அதற்குக் குறுஞ்செய்தி அனுப்பும் அளவுக்கு சிம்மில் பேலன்ஸ் இருக்கட்டும்.