‘பேருந்து வசதி உண்டு’ என்றால் போதாது

குற்றாலநாதர் கோயிலுக்கு முன்னால் சன்னதி பஜாரில், நேந்திரம்பழச் சிப்ஸுக்கும் மூலிகை எண்ணெய்ப் பாட்டில்களுக்கும் நடுவே சின்னச் சின்னப் புத்தகங்கள் விற்பனைக்கு இருக்கும். தல வரலாறுதான் பெரும்பாலும். திருமால் கோயிலாக இருந்ததை அகத்தியர் சிவன் கோயிலாக மாற்றிய கதை, குறும்பலாவின் பெருமை, ஐந்து சபைகளில் இங்கே இருப்பது சித்திர சபை என்ற குறிப்பு, பதிகம். கடைசிப் பக்கத்துக்கு வந்தால் இரண்டே வரி: தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர்; பேருந்து வசதி உண்டு.

எங்கே ஏறுவது? கடைசி வண்டி எத்தனை மணிக்கு? பேரருவியில் இறங்கியவர் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் எப்படிப் போவது? வயதான அம்மாவைக் கூட்டி வந்தவர் எந்த அருவிக்குப் படி இறங்காமல் போகலாம்? காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியவருக்கு இதில் ஒன்றுகூடத் தெரியவராது.

தலபுராணத்தைக் குறை சொல்லவில்லை. குற்றாலக் குறவஞ்சி தந்த மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர்தான் திருக்குற்றாலத் தலபுராணத்தையும் பாடினார். அது பக்தருக்காகப் பாடியது. அதனிடம் போய் வழி கேட்பது நியாயமில்லை. ‘சுற்றுலாக் கையேடு’ என்று அட்டையில் அச்சிட்டுவிட்டு, உள்ளே அந்தப் புராணத்தையே சுருக்கித் தரும் புத்தகங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். அவற்றை எழுதியவர் அருவிப் பாறையில் கால் வைத்தாரா என்ற சந்தேகம் மூன்றாவது பக்கத்திலேயே வாசகருக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை யாரும் நம்புவதில்லை.

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு வெளியூர்ச் சொந்தங்களிடமிருந்து வரும் தொலைபேசிக் கேள்வி ஒன்றுதான். "அருவியில தண்ணி விழுதா? குளிக்க விடுதாவளா?" கேட்பவர் வேன் பேசிவிட்டு, பிள்ளைகளைக் கிளப்பி வைத்துக்கொண்டு கேட்கிறார். அவருக்கு உதவுகிற தகவல் எதுவென்று பாருங்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று இருக்கிறது. வெள்ளம் அந்த வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஐந்தருவியில் தடை என்றால் பழைய குற்றாலத்திலும் தடை என்று கட்டாயமில்லை. ஒவ்வோர் அருவிக்கும் நிலைமை தனித்தனி. செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் நினைத்த நேரத்தில் ஏறிவிட முடியாது. அது வனத்துறையின் காடு. இவ்வளவையும் அரைப் பக்கத்தில் சொல்லிவிடலாம். அந்த அரைப் பக்கம் இருந்தால், தடை போட்ட அன்று ஒரு குடும்பம் வாசலில் நின்று ஏமாந்து திரும்பாது.

இதைவிடப் பெரிய விஷயம் உயிர். ‘சீசன்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை’ என்று எல்லாக் கையேடுகளும் போடுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலுக்கு அது சரிதான். ஆனால் 2024 மே 17-ஆம் தேதி, சீசன் தொடங்குவதற்கு முன்பே, பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போயிற்று. மேலே மலையில் கொட்டுகிற மழை கீழே குளித்துக்கொண்டிருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. இங்கே வெயிலே அடித்துக்கொண்டிருக்கலாம். தெளிவாக விழுந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறினால், சருகும் சுள்ளியும் சேர்ந்து வரத் தொடங்கினால், இரைச்சல் திடீரென்று கனத்தால், துண்டையும் சோப்பையும் விட்டுவிட்டு ஏறிவிட வேண்டும். மலையடிவாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சிறுவயதிலேயே சொல்லித் தரப்படுகிறது. சமவெளியிலிருந்து வருகிறவருக்கு யார் சொல்வது? கையேடு சொல்ல வேண்டாமா?

வழியில் இருக்கிற ஆபத்தைச் சொல்வது தமிழில் புதிதில்லை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. அதில் மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடியது. செங்கண்மாவில் இருந்த நன்னனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற கூத்தன், எதிரே வருகிற கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். நன்னனின் கொடையைப் புகழ்வதற்கு முன்னாலும் நடுவிலும் அவன் சொல்கிற நடைமுறைச் செய்திகள் ஏராளம். தினைப்புனத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு போங்கள் என்கிறான். காவல்காரர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், பார்த்துப் போங்கள் என்கிறான். எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்றும் சொல்கிறான். ஓரிடத்தில், ஆழமான சுனையின் ஓரம் பாசி படிந்து காலை வழுக்கிவிடும், அங்கே பக்கத்தில் இருக்கிற மூங்கிலையும் கொறுக்கையையும் பிடித்துக்கொண்டு கடந்துவிடுங்கள் என்கிறான்.

அந்த இடத்தை நிறுத்தி நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். பாசி வழுக்கும் என்று எச்சரிப்பதோடு அவன் விட்டுவிடவில்லை. எதைப் பிடித்துக்கொள்வது என்றும் சொல்கிறான். கூட்டத்தில் பெண்களும் குழந்தைகளும் வருவார்கள், தோளில் யாழும் முழவும் சுமந்து வருவார்கள் என்பது அவன் மனத்தில் இருக்கிறது. போய் வந்தவனுக்கு மட்டும்தான் அந்த மூங்கில் தெரியும். ஒரு வழிகாட்டி நூலில் வாசகர் தேடுவது அந்த மூங்கிலைத்தான். ஈராயிரம் ஆண்டுப் பழைய நூல் இதைச் செய்திருக்கும்போது, கையில் கேமராவும் வரைபடமும் உள்ள நாம் ‘இயற்கை எழில் கொஞ்சும் இடம்’ என்று எழுதி முடித்துக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குற்றாலத்தோடு நெருங்கிய இன்னொரு மரபும் உண்டு. தமிழ் இலக்கிய ரசனைக்குப் பெயர்பெற்ற ரசிகமணி டி.கே.சி. 1930களில் அறநிலைய வாரிய ஆணையராக இருந்தவர். கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்து, 1954-ல் இங்கேயே மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கே வந்தார்கள். திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியக் குழுவில் உருவானவர் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான். வருவாய்த் துறையில் சேர்ந்து கலெக்டர் வரை உயர்ந்த அவர், தஞ்சாவூரில் இருந்த காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளைச் சேர்த்துக் கலைக்கூடம் அமைத்தார். ‘கல்கி’யில் தொடராக வந்து நூலான அவரது ‘வேங்கடம் முதல் குமரி வரை’ தமிழில் கோயில் பார்க்கக் கிளம்பியவர்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த துணை என்பது என் கருத்து.

தொண்டைமான் நம்மை ஊருக்கு வெளியே இருந்தே அழைத்துக்கொண்டு போவார். ஒரு சின்னக் கதை சொல்வார். பிறகு எந்த ரயிலடியில் இறங்கி எத்தனை மைல் போக வேண்டும் என்பார். பிறகு கோபுர வாசலிலிருந்து கருவறை வரை கூடவே நடப்பார். எந்தத் தூணில் எந்தச் சிற்பத்தின் முன் நிற்க வேண்டும் என்று காட்டுவார். பிடித்ததைப் பிடித்தது என்று சொல்ல அவர் தயங்கியதில்லை. அவர் சொன்ன ரயில் வழிகளில் பல இன்று மாறிவிட்டன. செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் போன மீட்டர் கேஜ் ரயில் 2010-ல் நின்று, அகலப் பாதையாகி 2018-ல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. தென்காசியே 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம். ஆனாலும் தொண்டைமான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வழி மாறிவிட்டதை வாசகர்கள் மன்னிக்கிறார்கள். நேரில் பார்க்காமல் எழுதியதை மன்னிப்பதில்லை.

தென்காசிக் காசி விஸ்வநாதர் கோயிலையே எடுத்துக்கொள்வோம். அருவியில் குளித்துவிட்டு ஓடுகிறவர்கள் பாதிப்பேர் இதைப் பார்ப்பதில்லை. பார்க்க வருகிறவர்களும் கோபுரத்தின் உயரத்தைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். 15-ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், தன் வேண்டுகோளைத் தமிழ்ச் செய்யுளாகவே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். இந்தக் கோயில் பின்னாளில் பழுதுபட்டால், அதைச் சீர்செய்கிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் அடியில் நான் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்பது அதன் சாரம். கட்டிய கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. ஊர்க்காரர்களும் அன்பர்களும் முயன்று எழுப்பிய இன்றைய ராஜகோபுரம் 1990-ல் குடமுழுக்குக் கண்டது. அந்த அரசன் யாரை வணங்கினானோ அவர்கள் நம் காலத்து மனிதர்கள். இது தெரிந்த பிறகு அந்தக் கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். உள்ளே ரதி, மன்மதன், வீரபத்திரர், காளி என்று ஆளுயரத்தை மிஞ்சும் சிற்பங்கள். அவற்றின் நகக்கண்ணைக்கூடச் செதுக்கியிருப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். குற்றாலத்தில் சித்திர சபை பெரிய கோயிலுக்குள் இல்லை, தள்ளித் தனியாக இருக்கிறது. சுவர் முழுக்க மூலிகை வண்ண ஓவியங்கள். இது தெரியாமலே ஊர் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர்.

வழிகாட்டி நூல் என்பது ஊர் சுற்றுவதற்கு மட்டுமா என்ன? தென்காசி வ.உ.சி. வட்டார நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களைப் பாருங்கள். அவர்களைவிடக் கறாரான வாசகர்கள் கிடையாது. ஒரு கைடை எடுத்தவுடன் அவர்கள் புரட்டுவது முன்னுரையை அல்ல. எந்த ஆண்டுப் பதிப்பு, புதிய பாடத்திட்டப்படி இருக்கிறதா, பழைய வினாத்தாள் சேர்த்திருக்கிறார்களா என்பதைத்தான். விடையில் ஒரு தவறு கண்டால் பென்சிலால் அடித்துச் சரியானதை ஓரத்தில் எழுதிவிடுவார்கள், அடுத்து எடுக்கிறவருக்காக. மூன்று தவறு கண்டால் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "சமச்சீர் புக்கையே வரி விடாமப் படிங்க" என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடுவார்கள். ஒரு மதிப்பெண்ணில் வேலை போகும் என்பவருக்கு நடை அழகெல்லாம் பிறகுதான்.

சமையலறையிலும் இதே கதைதான். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ இன்னும் விற்கிறது. கல்யாணமாகி அமெரிக்கா போகிற பெண்ணின் பெட்டியில் இன்றும் அதற்கு இடம் உண்டு. படிக்கிறவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று அந்த அம்மாள் நினைத்துக்கொள்ளவே இல்லை. எதை எவ்வளவு, எதற்குப் பிறகு எதை என்று பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி எழுதினார். தமிழ்வாணனும் அவர் தொடங்கிய மணிமேகலைப் பிரசுரமும் கைத்தொழிலிலிருந்து கடிதம் எழுதுவது வரை மலிவு விலையில் புத்தகம் போட்டு, பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களையும் வாசகர்களாக ஆக்கியதற்கும் செய்முறை தெரிந்துகொள்ளும் பசிதான் காரணம். இப்படிப்பட்ட நூல்களை இலக்கியக்காரர்கள் ஒரு படி கீழே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாவல் சரியில்லை என்றால் ஒரு மாலை வீண். கையேடு சரியில்லை என்றால் குழம்பு கெடும், வேலை போகும், சில சமயம் ஆளே போய்விடுவார். அவ்வளவு பொறுப்புள்ள எழுத்து அது.

கைப்பேசி வந்த பிறகு கையேடெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கைப்பேசி பழைய குற்றாலத்துக்கு வழி காட்டும். பாறையில் எந்த ஓரம் வழுக்கும் என்று காட்டாது. மலையடிவாரத்தில் சில இடங்களில் சிக்னலே கிடைப்பதில்லை.

தென்காசி மாவட்டத்தில் நல்ல கையேடு எழுதத் தகுதியான ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள், குற்றாலம் வழித்தடத்தில் காலமெல்லாம் ஓடிய நடத்துநர்கள், வனத்துறைக் காவலர்கள், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள். தேய்த்துவிடுகிறவருக்குத் தெரிந்த தண்ணீரின் குணம் பேராசிரியருக்குத் தெரியாது. அவர்களைக் கேட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் நடந்து போய்ப் பார்த்து, எந்த மாதம் எந்த ஆண்டு பார்த்தது என்று அந்தந்தப் பக்கத்திலேயே தேதி போட்டு, அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு புத்தகம் போடுங்கள். வெள்ள எச்சரிக்கையை முதல் பக்கத்தில் வையுங்கள். பராக்கிரம பாண்டியன் கல்வெட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டுங்கள். கடைசி பஸ் நேரத்தை ஆண்டுக்கு ஒரு முறை திருத்துங்கள். பதிப்பாளர்கள் யாராவது முன்வந்தால், அடுத்த ஆனிச் சாரலுக்குள் அதைச் சன்னதி பஜார்க் கடைகளுக்குக் கொண்டுவந்துவிடலாம்.