ஓட்டை விழுந்த எலும்புக்கு மருந்து ஊறிய சாரம்

மும்பை மாட்டுங்காவில் ஸ்லோ லோக்கல் ரயில் ஏறினால் தாதர், அடுத்தது பரேல். 1941-இல் திறக்கப்பட்ட டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பிலிருந்து இரண்டே ஸ்டேஷன். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த ஒரு பெண்மணி, சில வருஷம் கழித்துத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது தொடை எலும்பு முறிந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக நேரலாம். மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவுவது சகஜம்.

எலும்பில் பழையதைக் கரைக்கும் செல்களும் உண்டு, புதியதைக் கட்டும் செல்களும் உண்டு. வந்து தங்கும் புற்றுச்செல்கள் கரைக்கும் கூட்டத்தை முடுக்கிவிடுகின்றன. எலும்பு கரையக் கரைய, அதற்குள் பூட்டிக் கிடந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியேறிப் புற்றுநோய்க்கே தீனியாகின்றன. கட்டி வளர வளர எலும்பு இன்னும் கரைகிறது.

இன்றைய சிகிச்சைகள் இந்தச் சுழலை அங்கங்கே தடுக்கின்றன. ஒரே தவணையாக 8 கிரே கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கு வலி தணிகிறது. நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம், கரைக்கும் செல்களை அடக்குகிறது. செம்பூரை அடுத்த டிராம்பேயின் அணு உலையில் உருவாகும் லுட்டீஷியம்-177 எலும்பைத் தேடிப் போய் வலியைக் குறைக்கும் மருந்தாகிறது. முறிந்த எலும்புக்குள் கம்பி செலுத்தி, கட்டியைச் சுரண்டிய பள்ளத்தை எலும்பு சிமெண்டால் அடைக்கிறார்கள். சிமெண்ட் தாங்கும், எலும்பாக மாறாது. ஓரத்தில் தப்பிய புற்றுச்செல்லை முழுதாக ஒழிக்கவும் செய்யாது.

அந்தப் பள்ளத்துக்குத்தான், கட்டடச் சாரம் போல புது எலும்பைத் தாங்கும், மருந்து ஊறிய சாரம் தயாராகிறது. எலும்பின் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட்டையும் உடலில் கரையும் பிளாஸ்டிக்கையும் கொண்டு, நுண்துளைகளோடு அச்சிடுகிறார்கள். சில நூறு மைக்ரான் அகலமுள்ள அந்தத் துளைகளில் ரத்தக்குழாயும் புது எலும்பும் நுழையலாம். யோசனை முற்றிலும் புதிதல்ல. ஆன்டிபயாட்டிக் கலந்த எலும்பு சிமெண்ட் 1970-களிலிருந்தே மூட்டு அறுவையில் புழங்குகிறது. ரத்தம் வழியாக உடம்பு முழுக்கச் சுற்றும் மருந்தைவிட, இடத்திலேயே கசியும் மருந்து கொஞ்சமாக இருந்தாலும் அங்கே வீரியமாக இருக்கும்.

சிக்கலும் அங்கேதான். புற்றுச்செல்லைக் கொல்லும் டாக்ஸோரூபிசின், எலும்பைக் கட்டும் செல்லையும் விட்டுவைக்காது. அதனால் மருந்து முதலில் வந்து வேலையை முடிக்க வேண்டும். எலும்பு பிறகு வளர வேண்டும். வைத்த சில நாளிலேயே மொத்த மருந்தும் கொட்டிவிட்டால், பிறகு தலைதூக்கும் செல்லுக்கு மிச்சம் இருக்காது. மாதக்கணக்கில் கசிந்தால் புது எலும்பு பிடிக்காது. பெரும்பாலான ஆய்வுகள் இன்னும் ஆய்வகத் தட்டிலும் விலங்குகளிலும் நிற்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

நாளை இது கைக்கு வந்தாலும், ஓரிடத்துப் பள்ளத்துக்குத்தான் உதவும். பல எலும்புகளில் பரவியவருக்கு உடம்பு முழுதுக்குமான மருந்து தேவைப்படும். அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பதே லாபம். முதுகெலும்பின் தாதுவில் 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியும். புற்றுநோய் வந்து போனவருக்கு ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி நீடித்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், போன் ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.