உங்களுக்குத் தெரியுமா? டிராக்டர் ஹைட்ராலிக் மரைக்குள் இத்தனை மர்மங்கள்!

டிராக்டர் லிஃப்ட்டில் எண்ணெய் ஒழுகுகிறது. வேண்டியது ஒரே ஒரு நிப்பிள். நாலு கடை ஏறி இறங்கியாயிற்று. "இந்த மாடல் இப்போ வர்றதில்லைங்க" என்கிறார்கள். நம்பி விடாதீர்கள்! டிராக்டர் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் அதன் ஃபிட்டிங் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மரைக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும். குடும்பத்தைக் கண்டுபிடித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று!

முதல் குடும்பம் பி.எஸ்.பி. என்கிற பிரிட்டிஷ் குழாய் மரை. அரை இஞ்ச் பி.எஸ்.பி. நிப்பிளை வெர்னியரில் பிடித்துப் பாருங்கள். அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர்தானே? வெர்னியர் காட்டுவது 20.955!

இன்னும் கேளுங்கள். ஸ்கேலை வைத்து அளந்தால் ஏறக்குறைய அரை இஞ்ச் காட்டும் நிப்பிளும் ஒன்று உண்டு. கடைக்காரர் அதற்குச் சொல்லும் அளவு கால் இஞ்ச்! அதன் வெளிவிட்டம் 13.157 மில்லிமீட்டர். அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள்துளையை வைத்துச் சொன்ன அளவு, இன்றும் மாறவே இல்லை!

உங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயில் இருப்பதும் இதே பி.எஸ்.பி. மரைதான்! டிராக்டரின் அரை இஞ்ச் ஹைட்ராலிக் மரைக்கும் அதற்கும் ஒரே பரம்பரை, ஒரே கோணம், இஞ்சுக்கு ஒரே 14 மரை!

அதற்காக ஜி.ஐ. எல்போவை வாங்கி டிராக்டரில் மாட்டி விடாதீர்கள்! தண்ணீர்க் குழாய் ஃபிட்டிங் தாங்குவது சுமார் 25 பார். டிராக்டர் ஹைட்ராலிக்கில் சாதாரணமாகவே 150 முதல் 200 பார்!

200 பார் என்றால் எவ்வளவு? 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு அடைப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் பருமன்தான். அதை எண்ணெய் வெளியே தள்ளும் விசை 600 கிலோவுக்கு மேல்!

இந்த மரைக்கெல்லாம் மூலவர் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த். 1841-ல் மரையின் கோணம் 55 டிகிரி என்று வகுத்தார். அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் 60 டிகிரி என்றார். 5 டிகிரி வித்தியாசம்! 160 வருடம் கழித்தும் வயல்காட்டில் எண்ணெய் ஒழுக அதுவே காரணமாக இருக்கிறது!

எப்படி? பிரிட்டிஷ் அரை இஞ்ச் பி.எஸ்.பி.யில் இஞ்சுக்கு 14 மரை. அமெரிக்க அரை இஞ்ச் என்.பி.டி.யிலும் 14 மரை! ஒன்றுக்குள் ஒன்று சமர்த்தாக ஏறும். இறுகவும் இறுகும். லிவரைத் தூக்கியதும் ஒழுகும்! முக்கால் இஞ்சிலும் இதே கதைதான்.

கால் இஞ்ச் மட்டும் யோக்கியம்! பி.எஸ்.பி.யில் 19 மரை, என்.பி.டி.யில் 18. சில சுற்றிலேயே சிக்கிக்கொண்டு "நான் உன் ஜோடி இல்லை" என்று காட்டிக் கொடுத்துவிடும்!

கண்ணால் பிரிக்கவே முடியாத ஜோடியையும் தேடிப் பிடித்து வைத்திருக்கிறோம்! அமெரிக்க 7/8 இஞ்ச் மரையின் வெளிவிட்டம் 22.225 மில்லிமீட்டர். மெட்ரிக் எம் 22-ன் வெளிவிட்டம் 22. வித்தியாசம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை!

அடுத்த ஜோடி 9/16 இஞ்சும் எம் 14-ம். இடைவெளி 0.29 மில்லிமீட்டர்! மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் இல்லாமல் இவற்றை இனம் கண்டால் அந்த மெக்கானிக்குக்கு மாலையே போடலாம்!

மரை பொருந்தினால் வேலை முடிந்தது என்று நினைத்தீர்களா? இனிமேல்தான் விளையாட்டே! பல ஃபிட்டிங்குகளில் எண்ணெயை அடைப்பது மரை இல்லை. நுனியில் இருக்கிறதே சரிவான கூம்பு, அது!

அமெரிக்க ஜே.ஐ.சி. கூம்பு 37 டிகிரி. எஸ்.ஏ.இ. கூம்பு 45 டிகிரி. ஜப்பானிய ஜே.ஐ.எஸ். கூம்பு 30 டிகிரி. இதில் ஜே.ஐ.சி.க்கும் எஸ்.ஏ.இ.க்கும் 3/4 இஞ்ச் அளவில் மரை ஒன்றேதான், இஞ்சுக்கு 16! நட்டு கைவிரலாலேயே சுற்றிக்கொண்டு போகும். கூம்பு மட்டும் 8 டிகிரி தள்ளி நிற்கும்!

ஜப்பான்காரர்கள் இன்னும் கில்லாடிகள்! பிரிட்டிஷ் மரையை அப்படியே எடுத்து, கூம்பை மட்டும் தங்கள் வழிக்கு மாற்றி ஒரு ஃபிட்டிங் செய்துவிட்டார்கள். பி.எஸ்.பி. நட்டு அதில் சுகமாக ஏறும், ஆனால் அடைக்காது! கொமாட்சு வகை ஃபிட்டிங்கில் அதே 30 டிகிரி கூம்பு இருக்கும், மரையோ மெட்ரிக்!

ஜெர்மன் முறையில் ஒரே 12 மில்லிமீட்டர் குழாய்க்கு இரண்டு நட்டு! லேசான வேலைக்கு எம் 18, கனமான வேலைக்கு எம் 20. "12 எம்.எம். ஃபிட்டிங் கொடுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் கடைக்காரர் எதைத்தான் எடுப்பார்?

பழைய பிரெஞ்சு எந்திரங்களின் குழாய் அளவு தெரியுமா? 13.25 மில்லிமீட்டர்! அதற்கடுத்தது 16.75! அரையுமில்லை, முழுதுமில்லை!

மின்ஸ்க் நகரத்து பெலாரஸ் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அதன் ஹைட்ராலிக் இணைப்புகளில் அடிக்கடி கண்ணில் படுவது எம் 20, பிட்ச் 1.5. ஜெர்மன் கனமான வகை நட்டிலும் அதே மரை! ஆனால் கூம்பைப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்!

ஹோஸ் விற்பவர்கள் 'டாஷ் 8' என்கிறார்களே, அது என்ன கணக்கு? ஒவ்வொரு எண்ணும் ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு. 8 என்றால் அரை இஞ்ச், 12 என்றால் முக்கால். இதைத் தெரிந்துகொண்டு போனால் கவுன்டரில் உங்கள் மரியாதையே தனி!

நல்ல ஃபிட்டிங் கடைக்காரரின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? கவனியுங்கள்! பழைய நிப்பிளை வாங்கியதும் பனியன் வேஸ்ட்டால் எண்ணெயைத் துடைக்கிறார். வெர்னியரால் வெளிவிட்டத்தைக் கவ்வுகிறார். சீப்பு மாதிரிப் பல் வைத்த பிட்ச் கேஜை மரை மேல் பதித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்குகிறார். பல்லுக்கும் மரைக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அடுத்த பல். கசியாவிட்டால், பிடித்துவிட்டார்! கடைசியாகக் கூம்பின் சரிவைக் கேஜில் பார்க்கிறார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, அத்தனை மர்மமும் அவிழ்ந்தது!

இந்த வித்தையைப் பார்க்கச் சென்னை பாரிமுனைக்குப் போங்கள். லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெருப் பக்கம் குழாய்க்கும் ஃபிட்டிங்குக்கும் வரிசையாகக் கடைகள்! பழைய வண்டிச் சாமான்களுக்குப் புதுப்பேட்டை!

கடைத்தெருவிலிருந்து கொஞ்சம் வரலாற்றுக்கு வருவோம். டிராக்டர் ஹைட்ராலிக்ஸின் பிதாமகர் ஹாரி பெர்குசன். 1909 டிசம்பர் 31 அன்று தானே கட்டிய விமானத்தில் அயர்லாந்து வானில் பறந்தவர். அதே மனிதர்தான் உங்கள் கலப்பையைத் தூக்கும் மூன்று முனை இணைப்பையும் தந்தார்!

1938-ல் அவரும் ஹென்றி ஃபோர்டும் கைகுலுக்கினார்கள். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது! மறு வருடமே ஃபோர்டு 9 என் டிராக்டர் வெளிவந்தது. பின்னாளில் உறவு முறிந்தது, வழக்கு நடந்தது. 1952-ல் ஃபோர்டு நிறுவனம் கொடுத்த தொகை 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர்!

பழைய ஃபோர்டு வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். எண்ணெய் உள்ளே வரும் பக்கத்தில் வால்வு வைத்த பெர்குசன் பாணிப் பம்பை ஃபோர்டு கைவிட வேண்டும் என்பதும் அந்தச் சமரசத்தில் ஒரு நிபந்தனை! அதனால் 1952 வரை வந்த 8 என் மாடலுக்கும் 1953-ல் வந்த என்.ஏ.ஏ. மாடலுக்கும் பம்பே வேறு! பம்பை மாற்றியது இன்ஜினீயர் அல்ல, வழக்கு!

பெர்குசனின் டி.இ. 20 டிராக்டர் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கு மேல் தயாரானது. 1958 ஜனவரி 4-ல் எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்தைத் தொட்டது எதில் என்று நினைக்கிறீர்கள்? இந்த டிராக்டர்களில்தான்!

அந்தப் பரம்பரைக்கும் நமக்கும் சொந்தம் உண்டு! மாசி பெர்குசனோடு கைகோத்து 1960-ல் டாஃபே தொடங்கியது நம் சென்னையில்!

ஃபிட்டிங்குக்கே திரும்புவோம். ஓ-ரிங்! ஐந்து, பத்து ரூபாய்க்கு வாங்கி மாட்டும் அந்தச் சின்ன ரப்பர் வளையத்துக்கு நீல்ஸ் கிறிஸ்டென்சன் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1939-ல். அப்போது அவருக்கு வயது 74!

ஃபிட்டிங் உலகின் பெரிய பெயர் பார்க்கர். 1919-ல் அவருடைய சரக்கு மொத்தத்தையும் ஏற்றிப்போன லாரி மலைச்சரிவில் உருண்டது. கம்பெனி திவால்! 1924-ல் மறுபடி எழுந்தார். 1927-ல் லிண்ட்பெர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டினாரே, அந்த விமானத்திலும் பார்க்கர் ஃபிட்டிங்!

ஹோஸின் முதுகைப் படித்திருக்கிறீர்களா? அது பிறந்த நாள் அங்கேயே அச்சாகி இருக்கும்! பல ஹோஸ்களில் வருடத்தோடு காலாண்டும் இருக்கும். புது ஹோஸ் என்று கையில் திணித்தாலும் தேதியைப் படித்துவிட்டே வாங்குங்கள்!

நல்ல ஹைட்ராலிக் ஹோஸ் வெடிக்கும் அழுத்தம், அதன் வேலை அழுத்தத்தைப் போல நான்கு மடங்கு!

காலையில் சுலபமாக மாட்டிய குயிக் கப்ளர் மத்தியானம் அடம் பிடிக்கிறதா? வெயிலில் கிடந்த ஹோஸுக்குள் எண்ணெய் விரிந்து அழுத்தம் ஏறியிருக்கிறது! சுத்தியலைத் தொடாதீர்கள். அடுத்த முறை கருவியைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, லிவரை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டுக் கழற்றுங்கள்!

பழைய ஜான் டீர் டிராக்டரில் இன்றைய கப்ளர் ஏறவே ஏறாது! முனையின் வடிவமே வேறு. ஆனால் இரண்டையும் சேர்த்து வைக்கும் அடாப்டர் தனியாகவே விற்கிறது!

கூம்பு வைத்த ஃபிட்டிங்குக்கு டெஃப்லான் டேப் தேவையே இல்லை! சுற்றினால் துணுக்கு பிய்ந்து வால்வுக்குள் போகும். அங்கே முன்னும் பின்னும் நகரும் ஸ்பூல் தண்டுக்கு இருக்கும் இடைவெளி சில மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனோ சுமார் 70 மைக்ரான்!

நொடிக்கு ஒரு சொட்டுத்தானே என்று விட்டுவிடுகிறீர்களா? நாளைக்கு 4 லிட்டருக்கு மேல்! வருடத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல்!

கசிவைக் கையால் தடவித் தேடவே தேடாதீர்கள்! ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைக்க சுமார் 7 பார் போதும். உங்கள் டிராக்டரில் இருப்பது அதைப்போல 20 மடங்குக்கும் மேல்! வெளியே தெரிவது முள் குத்தின தடம் மட்டும். முதலில் வலிக்காமலும் இருக்கலாம். உள்ளே எண்ணெய் பரவி, விரலையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு! தேட ஒரு அட்டைத் துண்டு போதும். குத்திவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அந்த நிமிடமே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். "ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தோடு ஏறிவிட்டது" என்ற வார்த்தையை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்!

அத்தனை தேடியும் அந்த நிப்பிள் கிடைக்கவில்லையா? ஒரு முனை உங்கள் பழைய மரை, மறு முனை பி.எஸ்.பி. என்று ஒரு அடாப்டர் கேளுங்கள். அதற்கப்புறம் எந்த ஊர்க் கடையிலும் ஹோஸ் பிரஸ் பண்ணி வாங்கிக்கொள்ளலாம். பிரஸ்ஸிங் மெஷினில் ஒரு முனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது!

அடுத்த தடவை கடைக்குக் கிளம்பும்போது டிராக்டர் மாடலை மட்டும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். கழற்றிய நிப்பிள், அது உட்கார்ந்திருந்த நட்டு, இரண்டையும் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வெளிவிட்டம், இஞ்சுக்கு எத்தனை மரை, கூம்பின் கோணம், குழாயின் அளவு, இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள்!