உங்கள் ஆப்புக்குப் பட்டா யார் பெயரில்? தெரியுமா?

சேர்வராயன் மலைக்குக் காப்பி கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன். காப்பியின் பூர்வீகம் எத்தியோப்பியா, இங்கே நட்டது வெள்ளைக்காரர். இன்று தோட்டம் யாருடையது? பட்டாவைப் பார்த்தால்தான் தெரியும்! அந்த மலையிலுள்ள ஏற்காட்டுக்கு டூர் போக நீங்கள் தட்டும் ஆப்களும் அப்படித்தான். ‘ஐரோப்பியத் தயாரிப்பு’ என்று நம்பியவற்றின் பட்டாவைப் புரட்டுவோமா?

★ ஏரிக்கரையில் ரூம் தேட புக்கிங்.காம்? 1996-ல் நெதர்லாந்தில் பிறந்தது, தலைமையகம் இன்றும் ஆம்ஸ்டர்டாம். ஆனால் 2005-லேயே ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது! கட்டுப்படியாகவில்லை என்று அகோடாவுக்குத் தாவினாலும் முதலாளி அதே கம்பெனிதான்!

★ வாடகையை ஒப்பிட்டுச் சொல்லும் ட்ரிவாகோ ஜெர்மனிக்காரர். பெரும்பங்கோ அமெரிக்காவின் எக்ஸ்பீடியாவிடம்!

★ விமான டிக்கெட் தேடும் ஸ்கைஸ்கேனர், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வளர்ந்தது. 2016-ல் சீனக் கம்பெனி வாங்கியது. நார்வேயின் ஓபரா பிரவுசரும் அதே ஆண்டு சீனர் வசம்!

★ அப்படியானால் அசல் ஐரோப்பா எது? பகோடா பாயின்ட்டில் எடுத்த வீடியோவை ஓட்டும் விஎல்சி! 1996-ல் பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய வேலை. இன்று அதை நடத்துவது லாபநோக்கற்ற பிரெஞ்சு அமைப்பு.

★ 20 கொண்டை ஊசி வளைவுக்கும் வழிகாட்ட ஓபன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது. 2004-ல் பிரிட்டனில் தொடங்கியது. எஸ்டேட்டுக்குள் போகும் மண்பாதையைக்கூட நீங்களே வரைந்து சேர்க்கலாம்!

★ நம்மூர்ப் பிள்ளைகள்? ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2010-ல் சென்னையில் முளைத்தது. தலைமையகம் இன்று கலிபோர்னியா, பங்குகள் 2021 முதல் நாஸ்டாக்கில். ஜோஹோ மட்டும் பங்குச் சந்தைப் பக்கமே போகாத தனியார் கம்பெனி!

★ ‘எங்கள் சர்வர் ஐரோப்பாவில்தான்’ என்றால் தகவல் அமெரிக்கச் சட்டத்துக்கு எட்டாதா? எட்டும்! கம்பெனி அமெரிக்காவினுடையது என்றால், சர்வர் எங்கே இருந்தாலும் கோர்ட் ஆணையோடு தகவலைக் கேட்க 2018-ன் கிளவுட் சட்டம் வழிசெய்கிறது.

★ பட்டா பார்ப்பது எப்படி? ஆப்பின் விதிமுறைகளில் கம்பெனியின் முழுப்பெயரைப் பிடியுங்கள். டப்ளின் முகவரி கண்டு ஏமாறாதீர்கள், பல அமெரிக்கக் கம்பெனிகளின் கிளை அங்கேதான்! அந்தப் பெயரின் தாய்க் கம்பெனி எது என்று தேடுங்கள். அது பங்குச் சந்தையில் இருந்தால், ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில் பெரும் பங்குதாரர் பட்டியல் இருக்கும். பாதிக்கு மேல் வாக்குரிமை யாரிடமாவது இருந்தால், அவர்தான் முதலாளி!