பெரியவர் நிறுத்திய பாட்டு

ஸ்ரீவராகம் கோயில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. சாலைக் கடைவீதியில் கணக்கு எழுதும் தென்காசி வாலிபர் ஒருவர், 1986-இல் வெளிவந்த ‘விக்ரம்’ படத்தின் தலைப்புப் பாட்டைத் தற்செயலாகச் செல்போனில் கேட்டார். அவர் பிறப்பதற்கு முந்திய பாட்டு! இசை இளையராஜா, இயற்றியவர் வைரமுத்து, பாடியவர் கமல்ஹாசனேதான்.

கீழ்வீட்டுப் பெரியவருக்கு அது பழைய பகை. அந்நாளில் மகன் போட்டபோது, “தகர இரைச்சல்” என்று டேப் ரிக்கார்டரையே நிறுத்தியவர். சுஜாதாவின் கதை ஏவுகணையும் கம்ப்யூட்டருமாகப் போவது. அதற்கு வீணையா மீட்டுவார்கள் என்று வாதாடினார் வாலிபர். நியாயந்தான். சிந்தசைசர் தாளம் இயந்திரம்போல் பிசகாமல் ஓட, அதன்மேல் கமலின் குரல் துடிப்போடு ஏறுகிறது.

“தம்பி, இன்னொரு தரம் போடு” என்றார் பெரியவர். மகன் இப்போது மஸ்கட்டில். அன்றிரவே அவனுக்குப் போன் செய்தார்.